நத்தாலி கைசன்பெர்கர் – பத்து நிமிடத்தில் மூன்று தங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால ஒலிம்பிக் வரும்போதெல்லாம் டிவியில் ஒரு காட்சி கண்ணில் படும். ஒட்டிய உடையில் ஒருவர் சின்னப் பலகையில் மல்லாந்து படுத்து, பனிக்கட்டிக் குழாய் மாதிரியான பாதையில் கால்களை முன்னே நீட்டிக்கொண்டு பாய்ந்து போவார். முடிவில் திரையில் ஒரு நேரம் வரும், பக்கத்தில் ஜெர்மன் கொடி இருக்கும். 2014, 2018, 2022 மூன்றிலும் பெண்கள் பிரிவில் அந்தக் கொடிக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே பெயர்: நத்தாலி கைசன்பெர்கர். அவரைப் பற்றியும் அவருடைய விளையாட்டைப் பற்றியும் வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1988 பிப்ரவரி 5 அன்று மியூனிக்கில் பிறந்தவர். தென் ஜெர்மனியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள மீஸ்பாக்தான் சொந்த ஊர். லூஜ் வீராங்கனை. நான்கு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு 6 தங்கம், 1 வெண்கலம் வென்றார். உலக சாம்பியன்ஷிப்பில் 9 தங்கம். உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்தப் பட்டம் 8 முறை. 2023 அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

எண்கள் அவ்வளவுதான். ஆனால் இந்த எண்களை மட்டும் பார்த்தால் அவர் எப்போதும் எளிதாக ஜெயித்தவர் போலத் தோன்றும். அது உண்மையில்லை.

லூஜ் என்பது என்ன? பாப்ஸ்லெட், ஸ்கெலிட்டன் எல்லாம் ஒன்றுதானா?

மூன்றும் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் நடக்கும். பாப்ஸ்லெட்டில் பெரும்பாலும் இரண்டு பேரோ நான்கு பேரோ வண்டியைத் தள்ளி ஓடிவந்து உள்ளே ஏறி உட்கார்வார்கள். ஸ்கெலிட்டனில் ஒருவர் குப்புறப் படுத்து, தலையை முன்னே வைத்துப் போவார். லூஜில் மல்லாந்து படுத்து, கால் முன்னே போகும்.

பார்ப்பவர்களுக்கு ஸ்கெலிட்டன்தான் பயங்கரமாகத் தெரியும். ஆனால் மூன்றிலும் லூஜ்தான் மிகத் துல்லியமானது என்று சொல்வேன். அந்தச் சின்னப் பலகையின் வேகம் மணிக்கு 120, 130 கிலோமீட்டரைத் தாண்டும். வளைவுகளில் உடலை அழுத்தும் விசை புவியீர்ப்பைப் போல நான்கைந்து மடங்கு. அந்த அழுத்தத்தில் தலையைத் தூக்கிப் பாதையைப் பார்த்தால் காற்று தடுத்து நேரம் போய்விடும். அதனால் தலையைப் பின்னால் சாய்த்து, ஓரக்கண்ணில் தெரிவதையும் மனப்பாடமாக இருக்கும் பாதையையும் நம்பித்தான் போகிறார்கள்.

படுத்துக்கொண்டு எப்படித் திருப்புகிறார்கள்? பிரேக் உண்டா?

ஓட்டத்துக்கான பிரேக் கிடையாது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பாதை மேல்நோக்கி ஏறும். அங்கே எழுந்து உட்கார்ந்து, பலகையின் முன்பக்கத்தைத் தூக்கி, காலை ஊன்றி நிறுத்துவார்கள்.

திருப்புவது முக்கியமாகக் கெண்டைக்கால்களால். பலகையின் அடியில் இரண்டு ஓடுதண்டுகள் இருக்கும். அவற்றின் முன்முனை மேலே வளைந்து வந்து கால்களுக்கு வெளிப்புறமாக நிற்கும். வலது காலால் அந்த முனையை உள்நோக்கி அழுத்தினால் பலகை இடப்பக்கம் திரும்பும். கூடவே தோளையும் கீழே அழுத்துவார்கள். இதெல்லாம் டிவியில் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் "சும்மா படுத்துக்கிட்டு போறாங்க, இதுக்கு ஒரு மெடலா?" என்ற கிண்டல் வருகிறது. நல்ல வீரர் திருப்புவது தெரியாது; திருப்புவது கண்ணுக்குத் தெரிந்தால் அவர் ஏற்கெனவே சிக்கலில் இருக்கிறார் என்று பொருள்.

அப்படியென்றால் உடல் வலிமைக்கு வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது, ஆனால் முதல் சில நொடிகளில். பாதையின் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் கைப்பிடிகள் பதித்திருக்கும். அவற்றைப் பிடித்து முன்னும் பின்னும் ஆடி, முழு பலத்தோடு உடலை முன்னே எறிய வேண்டும். பிறகு விரல் நுனியில் முட்கள் வைத்த கையுறையால் பனிக்கட்டியைச் சில முறை துழாவித் தள்ளி, உடனே படுத்துவிட வேண்டும். மேலே கிடைக்கும் நூறில் ஒரு பங்கு நொடி கீழே வருவதற்குள் பெருகிவிடும். கைசன்பெர்கரின் உயரம் ஏறத்தாழ 1.83 மீட்டர். நீளமான கைகள் இந்த இடத்தில் அவருக்குக் கை கொடுத்தன.

எடை கூடினால் வேகம் கூடும் என்பதால், எடை குறைந்தவர்கள் விதிக்கு உட்பட்ட அளவில் ஈயம் வைத்த உடுப்பு அணிந்துகொள்ளலாம். ஓடுதண்டின் எஃகு சூடாக இருந்தால் பனிக்கட்டி மேல் இன்னும் வழுக்கும். அதனால் புறப்படும் முன் எஃகின் வெப்பநிலையை அளந்து பார்ப்பார்கள். இந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை உண்டு, கீழே வருகிறது.

அவர் போலீஸ்காரர் என்கிறார்களே?

ஆமாம். ஜெர்மன் கூட்டாட்சிக் காவல் துறையில் பணியில் இருந்தபடிதான் விளையாடினார். அந்தத் துறைக்குப் பவேரியாவில் பாட் என்டோர்ஃப் என்ற இடத்தில் குளிர்கால வீரர்களுக்கான தனிப் பயிற்சி மையமே இருக்கிறது. ஆண்டில் சில மாதங்கள் போலீஸ் பயிற்சி, மீதி நாள்கள் விளையாட்டு. மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும். ஓய்வு பெற்றால் வேலை காத்திருக்கும்.

லூஜில் பணம் குறைவு. ஒலிம்பிக் தங்கத்துக்கு ஜெர்மன் விளையாட்டு உதவி அறக்கட்டளை தரும் பரிசே அவருடைய காலத்தில் 20,000 யூரோதான். நாலு வருட உழைப்புக்கு அது. போலீஸ், ராணுவம், சுங்கத் துறை ஆகியவை இப்படி வேலை கொடுக்காவிட்டால் ஜெர்மனியின் குளிர்காலப் பதக்கங்களில் பெரும் பகுதி வந்திருக்காது. நம் ஊரில் ரயில்வேயும் ராணுவமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் செய்வதும் இதே வேலைதான்.

முதல் ஒலிம்பிக் எப்படி இருந்தது?

2010 வான்கூவர். பனிச்சறுக்குப் பாதை விஸ்லர் மலையில். தொடக்க விழா நாளான பிப்ரவரி 12 அன்று பயிற்சி ஓட்டத்தில் ஜார்ஜியா நாட்டு வீரர் நோடார் குமாரிதாஷ்விலி பாதையிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்துபோனார். அதன் பிறகு வேகத்தைக் குறைக்க, எல்லோருடைய புறப்படும் இடத்தையும் கீழே இறக்கினார்கள். ஆண்கள் பெண்களின் இடத்திலிருந்தும், பெண்கள் இன்னும் கீழே ஜூனியர்கள் புறப்படும் இடத்திலிருந்தும் கிளம்பினார்கள். இது குழந்தைகள் கிளம்பும் இடம் என்று கைசன்பெர்கர் அப்போது குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு மரணத்துக்குப் பிறகு அப்படிப் பேசியது சிலருக்கு உறுத்தியது. ஆனால் அவர் சொன்னதில் விளையாட்டு நியாயம் இருந்தது: புறப்படும் இடத்தை மாற்றினால், பலகையை எந்தக் கோட்டில் ஓட்டுவது என்று பல வாரம் பழகியதெல்லாம் மாறிவிடும். பாதுகாப்பு முதலில் என்பதும் சரி, அதுவும் சரி. 22 வயதில் அவருக்கு அங்கே வெண்கலம் கிடைத்தது. தங்கம் சக ஜெர்மானியர் டாட்யானா ஹ்யூஃப்னருக்கு, வெள்ளி ஆஸ்திரியாவின் நினா ரைட்மாயருக்கு.

ஹ்யூஃப்னருக்கும் இவருக்கும் போட்டியா?

பெரிய போட்டி. 2008 முதல் 2012 வரை உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை ஐந்து முறை தொடர்ந்து எடுத்தவர் ஹ்யூஃப்னர். அந்தக் காலத்தில் கைசன்பெர்கர் இரண்டாவது பெயர். 2012-ல் ஆல்டன்பெர்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பிலும் ஹ்யூஃப்னருக்குத் தங்கம், இவருக்கு வெள்ளி.

அடுத்த சீசனில் எல்லாம் தலைகீழானது. 2013 உலக சாம்பியன்ஷிப் அதே விஸ்லர் பாதையில் நடந்தது. மூன்று ஆண்டுக்கு முன் வெண்கலத்தோடு இறங்கிய பாதையில் தன் முதல் தனிநபர் உலகப் பட்டத்தை வென்றார். உலகக் கோப்பையும் அந்த ஆண்டு அவர் கைக்கு வந்தது. அதிலிருந்து 2019 வரை ஏழு சீசன் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

இந்த விளையாட்டின் வேடிக்கை இதுதான்: உலகின் இரண்டாவது சிறந்த வீராங்கனை உங்கள் எதிரி நாட்டில் இல்லை, உங்கள் அணியிலேயே பக்கத்து அறையில் இருக்கிறார். ஒலிம்பிக் தனிநபர் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பெண்கள்தான் போக முடியும். ஜெர்மன் பெண்களுக்கு அந்த மூன்றில் ஒன்றைப் பிடிப்பதே ஒரு போராட்டம்.

சோச்சியில் அவர் வென்றதை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இடைவெளிக்காக. 2014 பிப்ரவரியில் நான்கு ஓட்டங்களின் மொத்தத்தில் அவர் ஹ்யூஃப்னரை 1.139 நொடியில் முந்தினார். மூன்றாவது அமெரிக்காவின் எரின் ஹேம்லின்; லூஜ் தனிநபர் பிரிவில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

ஒரு நொடியும் கொஞ்சமும் தானே என்று தோன்றலாம். ஒப்பிட்டுப் பாருங்கள். 1998 நகானோவில் சில்கே க்ராவ்ஸ்ஹார், பார்பரா நீடர்ன்ஹூபர் என்ற இரண்டு ஜெர்மன் பெண்களுக்கு நடுவே தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது 0.002 நொடி. நான்கு ஓட்டம், இரண்டு நாள், கடைசியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு! லூஜில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பதற்குக் காரணம் இப்படிப்பட்ட முடிவுகள்தான். அந்த உலகத்தில் 1.139 என்பது அடுத்தவர் கண்ணுக்கே தெரியாத தூரம்.

பிறகு 2018?

தென் கொரியாவின் பியோங்சாங். இந்த முறை இடைவெளி 0.367 நொடி. வெள்ளி ஜெர்மனியின் டயானா ஐட்பெர்கருக்கு, வெண்கலம் கனடாவின் அலெக்ஸ் காஃபுக்கு. சோச்சி அளவுக்குப் பரபரப்பில்லாத வெற்றி. வேலை பார்ப்பதைப் போல நிதானமாக நான்கு ஓட்டத்தையும் முடித்தார்.

ஆறு தங்கத்தில் மூன்று அணிப் போட்டியிலாமே? அது எப்படி நடக்கும்?

அணி ரிலே 2014-ல்தான் ஒலிம்பிக்கில் நுழைந்தது. அப்போதைய விதிப்படி முதலில் ஒரு பெண், அடுத்து ஓர் ஆண், கடைசியில் இரட்டையர் (ஒரே பலகையில் இருவர்). கீழே முடிவிடத்தில் பாதைக்கு மேலே ஒரு தொடுபலகை தொங்கும். வந்துசேரும் வேகத்திலேயே படுத்த நிலையிலிருந்து எழுந்து, கையால் அதைத் தட்ட வேண்டும். தட்டியதும் மலை உச்சியில் அடுத்தவருடைய கதவு திறக்கும். தவறவிட்டால் அணியே வெளியே. 2022-க்குப் பிறகு பெண்கள் இரட்டையரையும் இதில் சேர்த்துவிட்டார்கள்.

மூன்று முறையும் முதல் ஓட்டம் கைசன்பெர்கருடையது. கடைசி ஓட்டம் டோபியாஸ் வெண்டல், டோபியாஸ் ஆர்ல்ட் ஜோடியுடையது. நடுவில்தான் மாற்றம். சோச்சியில் ஃபெலிக்ஸ் லோக். பியோங்சாங்கில் தனிநபர் போட்டியின் கடைசி ஓட்டத்தில் லோக் தவறு செய்து பதக்கத்தையே இழந்தார். வெண்கலம் வென்ற யோஹன்னஸ் லுட்விக் ரிலேயில் ஓடினார். 2022 பெய்ஜிங்கிலும் அவரே. அங்கே ஆஸ்திரியாவை முந்தியது வெறும் 0.08 நொடியில்.

அவர் தோற்றதே இல்லையா?

நன்றாகவே தோற்றிருக்கிறார். 2009-ல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் உலக சாம்பியன்ஷிப். அதற்கு முன்பு ஜெர்மன் பெண்கள் தொடர்ந்து 99 போட்டிகளை வென்றிருந்தார்கள். நூறாவதில் உள்ளூர்ப் பெண்ணான எரின் ஹேம்லின் புகுந்து தங்கத்தை எடுத்துக்கொண்டார். இரண்டாவது வந்தவர் கைசன்பெர்கர். ஒரு நாட்டின் தொடர் வெற்றி முறிந்த நாளில் வெள்ளியோடு நின்றவர் என்ற பெயர் 21 வயதில் யாருக்கும் சுகமாக இருந்திருக்காது.

2017-ல் இன்ஸ்ப்ருக் அருகே இக்ள்ஸில், முடிந்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்த ஹ்யூஃப்னர் திரும்ப வந்து உலகத் தங்கம் வென்றார். ஆனால் கைசன்பெர்கரின் தனிநபர் உலகப் பட்டங்கள் 2013, 2015, 2016, 2019 என்று வரிசையாக நிற்பதால், நடுவில் விழுந்த ஆண்டுகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. 2019-ல் வின்டர்பெர்கில் ஸ்பிரின்ட் பிரிவிலும் தங்கம். மீதி உலகத் தங்கங்கள் ரிலேயில் வந்தவை.

எட்டு உலகக் கோப்பை, மூன்று ஒலிம்பிக் தங்கம். எது கடினம்?

என்னைக் கேட்டால் உலகக் கோப்பை. ஒலிம்பிக்கில் நான்கு நல்ல ஓட்டம் போதும். உலகக் கோப்பை நவம்பர் முதல் மார்ச் வரை, நாட்டுக்கு நாடு, பாதைக்குப் பாதை மாறிக்கொண்டே போகும். வெற்றிக்கு 100 புள்ளி, இரண்டாவதற்கு 85, மூன்றாவதற்கு 70. ஒரு போட்டியில் பலகை கவிழ்ந்தால் அந்த ஆண்டே போச்சு. அப்படிப்பட்ட தொடரைத் தொடர்ந்து ஏழு முறை வெல்ல வேண்டுமென்றால் மின்னல் வேகத்தை விடப் பிழையில்லாமை முக்கியம். கைசன்பெர்கரின் உண்மையான திறமை அதுதான் என்று நினைக்கிறேன். ஒரே ஓட்டத்தில் அவரை முந்தியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க முந்தத்தான் ஆளில்லை.

ஆனால் உலகம் ஒலிம்பிக்கைத்தான் எண்ணுகிறது. அந்தக் கணக்கும் ஒரு வகையில் வியப்பானது. மூன்று ஒலிம்பிக், 12 ஓட்டங்கள். சோச்சியில் 3 நிமிடம் 19.768 நொடி, பியோங்சாங்கில் 3 நிமிடம் 5.232, பெய்ஜிங்கில் 3 நிமிடம் 53.454. கூட்டிப் பார்த்தால் பத்து நிமிடமும் பதினெட்டு நொடியும்.

லூஜில் ஜெர்மனியே ஏன் எப்போதும் ஜெயிக்கிறது?

பலரும் முதலில் சொல்லும் காரணம் தொழில்நுட்பம். அது பாதி உண்மை. பெர்லினில் ஃபெஸ் என்ற விளையாட்டுக் கருவி ஆய்வு நிறுவனம் இருக்கிறது; கிழக்கு ஜெர்மனி காலத்தில் பிறந்தது, இன்றும் இயங்குகிறது. ஆனால் நல்ல பலகை மட்டும் போதாது.

முக்கியமான காரணம் பாதைகள். இந்த வகைச் செயற்கைப் பனிப்பாதைகள் உலகம் முழுவதும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. அதில் ஜெர்மனியில் மட்டும் நான்கு கட்டினார்கள்: கோனிக்ஸே, வின்டர்பெர்க், ஓபர்ஹோஃப், ஆல்டன்பெர்க். உலகிலேயே முதன்முதலில் குளிரூட்டப்பட்ட செயற்கைப் பாதை கோனிக்ஸேயில் 1969-ல் வந்தது. நான்கு பாதை என்றால் நான்கு ஊர்ச் சங்கங்கள், நான்கு இடங்களில் பள்ளிப் பிள்ளைகள். வேறு நாட்டுக் குழந்தை இந்த விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்க்கும் வயதில், கோனிக்ஸே இருக்கும் பெர்ஷ்டெஸ்காடன் பக்கத்துக் குழந்தை கீழ் வளைவுகளிலிருந்து இறங்கிப் பழகியிருக்கும்.

இன்னொன்று பனிப்போர். கிழக்கு ஜெர்மனி சின்ன நாடு. பதக்கம் மூலம் பெயர் வாங்க வேண்டும் என்று முடிவுசெய்தது. லூஜ் போன்ற, பலரும் கண்டுகொள்ளாத விளையாட்டுகளில் பணத்தைக் கொட்டியது. பெண்கள் லூஜ் ஒலிம்பிக்கில் சேர்ந்த 1964-லேயே கிழக்கு ஜெர்மனியின் ஆர்ட்ருன் எண்டர்லைன் தங்கம் வென்றார். நான்கு ஆண்டு கழித்துக் கிரெனோபிள் ஒலிம்பிக்கில் அவரும் இரண்டு அணித் தோழிகளும் ஓடுதண்டை நெருப்பில் சூடாக்கினார்கள் என்று தகுதி நீக்கப்பட்டார்கள். தங்கம் இத்தாலியின் எரிகா லெக்னருக்குப் போனது. கிழக்கு ஜெர்மனி அதை மறுத்தது, சண்டை பல காலம் ஓடியது. எஃகைத் தொட்டு அளக்கும் வழக்கத்துக்குப் பின்னால் உள்ள கதை இதுதான். 1990-ல் இரண்டு ஜெர்மனியும் சேர்ந்தபோது, கிழக்கின் ஓபர்ஹோஃப், ஆல்டன்பெர்க்கும் மேற்கின் கோனிக்ஸே, வின்டர்பெர்க்கும் ஒரே கொடிக்குக் கீழே வந்துவிட்டன.

அதன் விளைவு பாருங்கள்: 1998 முதல் 2022 வரை பெண்கள் லூஜ் தனிநபர் தங்கம் ஒன்றுகூட ஜெர்மனிக்கு வெளியே போகவில்லை. 2002, 2006 இரண்டிலும் மூன்று பதக்கங்களும் அவர்களுக்கே. விளையாட்டின் பரவலுக்கு இது நல்லதா என்றால், இல்லை. எனக்கு இதில் கொஞ்சம் சங்கடம்தான். ஒரே நாடு வென்றுகொண்டே இருந்தால் மற்ற ஊரில் யார் பாதை கட்டுவார்கள்?

குழந்தை பிறந்த பிறகும் விளையாடினாரா?

ஆமாம். 2019–20 சீசன் முழுவதும் விலகியிருந்தார். அந்த ஆண்டு உலகக் கோப்பை சக ஜெர்மானியர் யூலியா டவுபிட்ஸுக்குப் போனது. 2020 மே மாதம் மகன் பிறந்தான். அதே ஆண்டு நவம்பரில் சீசன் தொடங்கியபோது அவர் பாதையில் இருந்தார். அந்த சீசன் முடிவில் எட்டாவது முறையாக உலகக் கோப்பை அவர் கையில்.

முதுகும் வயிறும் கழுத்தும்தான் லூஜின் மையம். பிரசவம் முடிந்து ஆறு மாதத்தில் நான்கைந்து மடங்கு ஈர்ப்பு விசையில் தலையைத் தாங்கிப் பிடிப்பது என்றால் சும்மா இல்லை. எட்டுப் பட்டங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

பெய்ஜிங்குக்குப் போக மாட்டேன் என்றாரே, ஏன்?

2021 நவம்பரில் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கான யான்சிங் பாதையில் பயிற்சிக்கும் உலகக் கோப்பைப் போட்டிக்கும் அணிகள் சீனா போயின. கொரோனா காலம். தொற்று உறுதியான ஒருவரோடு விமானத்தில் வந்தார் என்பதால் கைசன்பெர்கரைத் தனிமைப்படுத்தினார்கள். அங்கே நடத்தப்பட்ட விதம் பற்றி ஊர் திரும்பியதும் வெளிப்படையாகப் பேசினார். ஒலிம்பிக்குக்குப் போவதா வேண்டாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். மனித உரிமை பற்றிய கேள்விகளும் அப்போது ஐரோப்பாவில் சூடாக இருந்தன.

கடைசியில் போனார். இரண்டு வயதுகூட நிரம்பாத மகனை வீட்டில் விட்டுவிட்டு. இதை வைத்து "பேசினாரே, பிறகு ஏன் போனார்?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் போட்டியை எங்கே நடத்துவது என்று முடிவெடுத்தவர்களிடம் கேட்க வேண்டியதை நான்கு வருடம் பயிற்சி எடுத்தவரிடம் மட்டும் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வென்ற பிறகும் அங்கே வைத்து அவர் வாயைத் திறக்கவில்லை. எதை, எப்போது, எங்கே பேசுகிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

பெய்ஜிங்கில் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லையாமே?

எதிர்பார்க்கவில்லை என்பது கொஞ்சம் மிகை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் முன்னணியில் இருந்தவர்கள் டவுபிட்ஸும் ஆஸ்திரியாவின் மடலைன் எக்ளேயும்தான். உலகக் கோப்பையையும் டவுபிட்ஸ் வென்றிருந்தார். போதாக்குறைக்கு, 2021 ஜூலை வெள்ளத்தில் கோனிக்ஸே பாதையின் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் வளர்ந்த பாதை, ஒலிம்பிக் ஆண்டில் இல்லை.

யான்சிங் பாதையில் 13-வது வளைவு ஒரு பொறி. வளைவு முடிந்து வெளியே வரும் இடத்தில் கொஞ்சம் பிசகினால் பலகை சுவரிலிருந்து சுவருக்கு அடிபடும். முதல் ஓட்டத்தில் டவுபிட்ஸ் முன்னணி. இரண்டாவது ஓட்டத்தில் அங்கேதான் அவர் கவிழ்ந்தார். எக்ளேயும் பிழை செய்து நான்காவது இடத்துக்கு இறங்கினார். கைசன்பெர்கர் நான்கு முறையும் அந்த இடத்தைச் சேதமில்லாமல் கடந்தார். 34 வயது, பிறந்தநாள் முடிந்து மூன்றாவது நாள், தங்கம். வெள்ளி சக ஜெர்மானியர் ஆனா பெரைட்டருக்கு, 0.493 நொடி பின்னால். வெண்கலம் ரஷ்யாவின் தாத்யானா இவானோவாவுக்கு.

என்னென்ன சாதனைகள் அவர் பெயரில்?

பெண்கள் லூஜ் தனிநபரில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆள். அதற்கு முன் ஸ்டெஃபி வால்டர் 1984, 1988-லும் சில்கே ஓட்டோ 2002, 2006-லும் இரண்டோடு நின்றார்கள். ஆண்கள் தனிநபரில் மூன்று தொடர் தங்கம் கியோர்க் ஹேக்கலுக்கு மட்டும்: 1992, 1994, 1998.

ஏழு பதக்கம் என்பது இத்தாலியின் ஆர்மின் ட்சோகெலர் வைத்திருந்த ஆறைத் தாண்டியது. பெய்ஜிங் முடிந்தபோது, குளிர்கால ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வைத்திருந்த ஜெர்மானியர்கள் மூன்றே பேர்: இவரும், ரிலேயில் கூட ஓடிய வெண்டலும் ஆர்ல்டும்.

இந்தியாவிலிருந்து யாராவது இவரோடு ஒரே ஒலிம்பிக்கில்?

சிவ கேசவன். மணாலிக்காரர், அப்பா கேரளம், அம்மா இத்தாலி. 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக். வான்கூவர், சோச்சி, பியோங்சாங் மூன்றிலும் ஆண்கள் பிரிவில் அவரும் இருந்தார். பயிற்சிக்கு முறையான பாதையில்லாமல் இமயமலைத் தார்ச் சாலையில் சக்கரம் கட்டிய பலகையில் லாரிகளுக்கு நடுவே இறங்கிப் பழகியவர். நான்கு பாதை கட்டிய நாட்டுக்கும் ஒன்றுமில்லாத நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

எப்போது, ஏன் ஓய்வு பெற்றார்?

பெய்ஜிங்குக்குப் பிறகு இரண்டாவது குழந்தைக்காக 2022–23 சீசனில் ஓடவில்லை. திரும்ப வருவாரா என்ற பேச்சு இருந்தது; முதல் முறை வந்தவர்தானே. 2023 அக்டோபரில், 35 வயதில், போதும் என்று அறிவித்தார். கடைசி ஒலிம்பிக் ஓட்டம் 2022 பிப்ரவரி 10 அன்று ரிலேயில், தங்கத்தோடு.

அவருடைய ஒரே ஒரு போட்டியைப் பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது?

எல்லோரும் சோச்சியைச் சொல்வார்கள். நான் யான்சிங்கைச் சொல்வேன். சோச்சியில் அவர் தனியாக ஓடினார். யான்சிங்கில் பாதை ஒவ்வொருவராக விழுங்கிக்கொண்டிருந்தபோது ஓடினார்.

பார்க்கும்போது திரையின் மூலையில் ஓடும் நேரத்தை முதலில் மறந்துவிடுங்கள். 13-வது வளைவின் வாயிலில் கண்ணை வையுங்கள். முதலில் டவுபிட்ஸின் இரண்டாவது ஓட்டத்தையும் எக்ளேயின் ஓட்டத்தையும் பாருங்கள், பலகை எங்கே குலுங்குகிறது என்று பிடிபடும். அப்புறம் கைசன்பெர்கரின் நான்கையும் பாருங்கள். அந்த இடத்தில் அவருடைய தோள் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்; ஒளிபரப்பில் மெதுவாகக் காட்டும் காட்சி வந்தால் தவறவிடாதீர்கள்.